ஏரோப்ளேன் மைதானத்துச் சாப்பாடு

வேலூருக்கு வெளியே ஏரோப்ளேன் இறங்குவதற்கென்று ஒரு மைதானத்தைச் சமன் செய்து வைத்திருந்தார்கள். முட்செடிகளை வெட்டி, கல் பொறுக்கி, நடுவில் சுண்ணாம்பு அடித்த கற்களை வட்டமாகப் பதித்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பதற்காக ஒரு கம்பத்தின் நுனியில் நீளமான துணிப் பை. அவ்வளவுதான் மைதானம். அங்கே காத்திருக்கும் மனிதர்களுக்குப் பசிக்கும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை.

நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் இடத்தில், வேலை செய்கிறேன். ஆவாரம்பட்டையில் பதனிட்டு உலர்ந்து வரும் ஆட்டுத்தோல்களைத் தரம் பிரிக்கும் வேலை. நாலாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனது. அதனால் இதை எழுதும்போது தவறு இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தரம் பிரிப்பதை ஒருவர் தனியாகச் செய்வதில்லை. ஒரு பலகைக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் எதிரெதிராக நிற்க வேண்டும். ஒருவர் தோலின் மேல்முகத்தைப் பார்த்துவிட்டுப் புரட்டித் தள்ளுவார். மற்றவர் சதைப் பக்கத்தைத் தடவிப் பார்ப்பார். உண்ணி கடித்த தழும்பு, உரிக்கும்போது கத்தி பட்ட கீறல், சுண்ணாம்பு அதிகமாகித் தளர்ந்த இடம் எல்லாம் இரண்டு பேர் கைக்கும் தெரிந்தாக வேண்டும். என் எதிரில் நிற்பவரை நான் பாய் என்றுதான் கூப்பிடுவேன். ஆம்பூர்க்காரர், என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவர். முதல் தரம் என்றால் பலகையை ஒருமுறை தட்டுவார். நான் ஒத்துக்கொண்டால் நானும் தட்டுவேன். ஒரு நாள் முழுவதும் வாய் திறக்காமலே எங்கள் வேலை நடக்கும். வாய் திறக்கக் கூச்சப்படும் எனக்கு அது பெரிய வசதி. எனக்கு இருந்த ஒரே தோஸ்த் அவர்தான். அவருக்கும் அப்படித்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது முதலாளி ஒரு மோட்டார் லாரி வாங்கினார். அதை ஓட்டுவதற்கு வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு டிரைவர் வந்தான். முப்பது வயது இருக்கும். கிறிஸ்துவன், கல்யாணம் ஆகாதவன், எப்போதும் பேசிக்கொண்டே இருப்பவன். வந்த சில வாரங்களுக்குள் அவன் பாயை மாமு என்று உறவு சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தான். நான் இருபது வருஷமாகப் பாய் என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். மாமு என்று கூப்பிடலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. தோன்றியிருந்தாலும் வாய் வந்திருக்காது. டிரைவர் சொன்ன வேடிக்கைகளைப் பாய் பலகையில் நின்று எனக்குச் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கும்போது அவர் கை நின்றுவிடும். நான் தோலைப் பிடித்தபடி காத்திருப்பேன். அந்தக் காத்திருப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

பாய் வீட்டில் சாப்பிடுவது பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவர்கள் வீட்டு விசேஷங்களில் ஆளுக்கொரு இலை போடும் வழக்கம் கிடையாது. பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து வைப்பார்கள். மூன்று பேரோ நான்கு பேரோ அதைச் சுற்றி உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பாயின் தங்கைக்குக் கல்யாணம் நடந்தது. என்னையும் அழைத்திருந்தார். எங்கள் தெருவில் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தொட மாட்டார்கள். என் அம்மா அதில் மிகவும் கண்டிப்பு. வாசலிலேயே நின்று, அம்மா ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றும், தப்பாக நினைக்க வேண்டாம் என்றும் மெல்லச் சொன்னேன். இதில் என்ன தப்பு இருக்கிறது என்று பாய் உள்ளே போனார். ஒரு புதுத் தட்டில் வாழைப்பழமும் சர்க்கரை போட்ட பாலும் கொண்டுவந்து வைத்தார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு பண்டிகைக்கும் எனக்கென்று ஒரு புதுத் தட்டு வரும். முன்னறையில் தனி ஜமுக்காளம் விரித்து, யாரும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்வார். பிறகு என் அம்மா இறந்துபோனார்கள். என் மனைவி இதையெல்லாம் பார்ப்பவள் இல்லை. வீட்டில் நாங்கள் கறி சாப்பிடுபவர்கள்தான். ஆனால் இனிமேல் தனித் தட்டு வேண்டாம் என்று பாயிடம் எப்படிச் சொல்வது? ஒவ்வொரு முறையும் இந்தத் தடவை சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போவேன். நான் போகும்போதே தட்டு கழுவித் துடைத்துத் தயாராக இருக்கும். எந்தக் குறையும் வைக்கவில்லை பார் என்பதுபோல் பாய் பக்கத்தில் நிற்பார். நான் பழத்தை உரித்துச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன்.

டிரைவர் வந்த வருஷம் பக்ரீத் அன்றும் அப்படித்தான் நடந்தது. முன்னறைக்கும் உள்ளறைக்கும் நடுவே தொங்கும் திரைக்கு இந்தப் பக்கம் நானும் வாழைப்பழமும். அந்தப் பக்கம் தாம்பாளத்தைச் சுற்றி பாய், அவர் தம்பி, டிரைவர். இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள் என்று பாய் அவனிடம் சொல்வதும், அவன் ஏதோ சொல்ல எல்லாரும் சிரிப்பதும் கேட்டது. உரித்த பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பகல் முழுவதும் ஒரே தோலில் என் கையும் பாயின் கையும் இருக்கின்றன. ஒரே சோற்றில் அவன் கை இருக்கிறது. இதுதான் திரும்பத் திரும்ப மனதில் ஓடியது.

இனி மைதானத்துக்கு வருகிறேன். தோல் வாங்கும் கம்பெனியின் துரை ஒருவர் பெங்களூரிலிருந்து சென்னைக்கு ஏரோப்ளேனில் போகும் வழியில் வேலூரில் இறங்குவார் என்றும், மாதிரித் தோல்களை அங்கேயே பார்ப்பார் என்றும் முதலாளிக்குச் செய்தி வந்தது. தோல் கட்டுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு பாய், நான், டிரைவர் மூன்று பேரும் விடியும் முன்பே புறப்பட்டோம். முதலாளி தன் காரில் தனியாக வந்தார். பத்து மணிக்குள் வேலை முடிந்துவிடும் என்று சொல்லியிருந்ததால் நான் வீட்டிலிருந்து எதுவும் கொண்டுவரவில்லை. பாயின் மனைவி ஒரு செம்புத் தேக்சாவில் பிரியாணியும் கத்திரிக்காயும் வைத்து, ஒரு தாம்பாளத்தையே மூடியாகக் கவிழ்த்துத் துணியால் கட்டிக் கொடுத்திருந்தார். எனக்கு என்று பாய் வழியில் ஹோட்டல்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பாத குறையாக நின்று இட்லி வாங்கி, இலையில் கட்டி வைத்திருந்தார்.

அந்தப் பொட்டலத்தை டிரைவர் வாங்கி எஞ்சின் பக்கத்தில் வைத்திருக்கிறான். மைதானத்துக்கு வந்த பிறகுதான் அது தெரிந்தது. இலையைப் பிரித்ததும் பெட்ரோல் வாடை குப்பென்று வந்தது. ஒரு துண்டைப் பிட்டு வாயில் வைத்தேன். விளக்குத் திரியைச் சப்பியதுபோல் இருந்தது.

"சூடா இருக்கட்டும்னுதான்ணே வெச்சேன்" என்றான் டிரைவர். அவன் முகத்தைப் பார்த்தால் உண்மையாகத்தான் தெரிந்தது. நான் நம்ப விரும்பவில்லை. அங்கே திரிந்துகொண்டிருந்த ஒரு நாய்க்குப் பாய் அதைப் போட்டார். அது முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

பத்து மணி போயிற்று. ஏரோப்ளேன் வரவில்லை. பெங்களூரில் மேகம் கவிந்திருக்கிறது, தெளிந்தால்தான் கிளம்பும் என்று தந்தி வந்திருப்பதாக மைதானத்துக் காவல்காரர் சொன்னார். முதலாளி கொட்டகைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வெயில் ஏறிக்கொண்டே போனது. என் வயிறு சத்தம் போட ஆரம்பித்தது.

பாய்க்கு நான் பட்டினியாக இருப்பது பொறுக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு சாப்பாடு தேடக் கிளம்பினார். கேட்பது எல்லாம் அவர்தான். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். மைதானத்து வாசலில் கீற்றுப் பந்தல் போட்டு ஒருவன் டீ போட்டுக்கொண்டிருந்தான். ஏரோப்ளேன் வருகிற நாளில் மட்டும் கடை போடுபவன். பன் காலையிலேயே தீர்ந்துபோய்விட்டதாம். பாலும் கம்மியாம். வெறும் வயிற்றில் அந்த டீயைக் குடித்தேன், பசி இன்னும் எரிந்தது. அடுத்து வேர்க்கடலை விற்கும் ஒரு பெண். ஒடுகத்தூர்ப் பக்கத்திலிருந்து கூடை நிறையக் கடலை கொண்டுவந்தவள், எல்லாவற்றையும் விற்றுவிட்டுக் கூடையைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"வித்தாச்சு சாயபு. ஏரோப்ளேன ஒரு தபா பாத்துட்டுப் போலாம்னு குந்திக்கினு இருக்கேன்" என்றாள்.

கொட்டகையில் ஒரு அலமாரி இருந்தது. அதில் ரொட்டியும் முட்டையும் சோடாவும் இருந்தன. ஏரோப்ளேன் ஓட்டும் துரைக்கு மட்டும்தான் அது என்றும், ஒரு ரொட்டி குறைந்தாலும் தன் வேலை போய்விடும் என்றும் காவல்காரர் கையைப் பிசைந்தார். அதற்கு மேல் அந்த மைதானத்தில் கேட்பதற்கு இடம் இல்லை.

லாரி நிழலுக்குத் திரும்பி வந்தோம். டிரைவர் தேக்சாவின் முடிச்சை அவிழ்க்கத் தயாராக இருந்தான். பாய் அவனைத் தடுத்தார். தோஸ்த்துக்கு ஏதாவது கிடைக்காமல் தான் கை வைக்கப்போவதில்லை என்றார். தூரத்தில் புளியமரங்கள் தெரிந்தன. அங்கே ஏதாவது வீடு இருக்கும் என்று சொல்லித் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். வேண்டாம் பாய், இதிலேயே எனக்கும் கொஞ்சம் கொடுங்கள் என்று நான் அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்வதற்கு வாயைத் திறந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். அதற்குள் அவர் வெள்ளைக் கற்களைத் தாண்டிவிட்டார்.

நானும் டிரைவரும் தனியாக உட்கார்ந்திருந்தோம். நடுவில் தேக்சா. துணியை மீறி வாசனை வந்தது.

"அண்ணே, ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே" என்றான். என் பதிலுக்கு அவன் காத்திருக்கவில்லை. "நீங்க யார் வூட்லயும் சாப்புட மாட்டீங்களா, இல்ல மாமு வூட்டுதுதான் ஆவாதா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவன் ஒரு குச்சியால் தரையைக் கீறிக்கொண்டே மேலும் சொன்னான். பண்டிகைக்கு எனக்குத் தட்டு வாங்கப் பாய் தானே கடைக்குப் போவாராம். மனைவியைக்கூட வாங்க விட மாட்டாராம். விரலால் சுண்டிப் பார்த்து, விரிசல் இல்லாததாக எடுப்பாராம். இதையெல்லாம் மாமி, அதாவது பாயின் மனைவி, அவனிடம் சொல்லியிருக்கிறார்.

"எனக்கு இன்னா, இருக்கிற தட்டுல ஒரு ஓரம். எனக்குன்னு எவன் கடைக்குப் போறான்" என்றான்.

அவன் குரலில் கொஞ்சம் புளிப்பு இருந்தது. என்னைப் பார்த்தும் ஒருவன் பொறாமைப்படுவான் என்று நான் நினைத்ததே இல்லை. அற்பமான சந்தோஷம் ஒன்று வந்தது. ஆனால் அது நிற்கவில்லை. மாமி இவனோடு உட்கார்ந்து இத்தனை பேசியிருக்கிறார் என்ற நினைப்பு உடனே வந்து அதை விழுங்கிவிட்டது. இருபது வருஷத்தில் திரைக்குப் பின்னால் அவர் வளையல் சத்தத்தை மட்டும்தான் நான் கேட்டிருக்கிறேன்.

பாய் திரும்பி வரும்போது நடை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. காலில் முள் ஏறியிருந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. துண்டின் முடிச்சில் இரண்டு கொய்யாக் காய்களும் ஒரு வெள்ளரிக்காயும் இருந்தன.

"கெடச்சிது தோஸ்த்" என்றார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. நான் ஒரு கடி கடித்த பிறகுதான் தேக்சாவை அவிழ்த்தார். தாம்பாளத்தை நிமிர்த்தி, சோற்றைக் கொட்டி, கத்திரிக்காயை ஓரத்தில் வைத்தார். இரண்டு பேரும் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நான் இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து கொய்யாக் காயைக் கடித்துக்கொண்டிருந்தேன். பழுக்காத கொய்யா. பல்லெல்லாம் துவர்த்தது.

நான் அவர்கள் சாப்பிடுவதைப் பார்க்காமல் இருக்க முயற்சி செய்தேன். முடியவில்லை. பாய் சோற்றைக் கிளறி ஒரு நல்ல கறித்துண்டாகத் தேடி எடுத்து டிரைவர் பக்கம் வைத்தார். அவன் பேசிக்கொண்டே அதை எடுத்துத் தின்றான். யார் வைத்தது என்றுகூட அவன் பார்க்கவில்லை. பாய் இன்னொன்று எடுத்து வைத்தார். பசி எனக்குத் தெரியாததல்ல. அப்போது என்னை வாட்டியது பசி இல்லை. அந்த விரல்களை எனக்குத் தெரியும். உண்ணித் தழும்பைக் கண் பார்ப்பதற்கு முன்னால் கண்டுபிடிக்கும் விரல்கள். அவை தேடிப் பிடித்த நல்ல துண்டு ஒரு தடவைகூட என் பக்கம் வந்ததில்லை.

"பாய், கொஞ்சம் தள்ளிக் குந்துங்க" என்றேன்.

நான் கேட்டது தாம்பாளத்தில் இடம். எனக்கு வெயில் படுகிறது என்று அவர் நினைத்துவிட்டார். உடனே எழுந்து, தாம்பாளத்தையும் இழுத்துக்கொண்டு, லாரி நிழலில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்து அந்தப் பக்கம் நகர்ந்தார். இப்போது முன்னைவிடத் தூரமாகிவிட்டது.

எழுந்து கூஜாத் தண்ணீரில் கை கழுவினேன். கை கழுவ எனக்கு அன்று நெடுநேரம் பிடித்தது. பிறகு போய்த் தாம்பாளத்துக்கு எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினேன். விரல் சோற்றில் படுவதற்கு முன்னால் பாய் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் தோஸ்த். பசில செஞ்சிட்டு அப்பறம் மனசுக்குப் பேஜாராப் பூடும்" என்றார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் நல்ல பலத்தோடு பிடித்திருந்தார். டிரைவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"பசி இல்ல பாய். அது எங்கம்மா சொன்னது. எங்கம்மாதான் போய்ட்டாங்களே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதனால் இன்னும் ஒருமுறை சொல்ல வேண்டியிருந்தது. "எனக்குப் புதுத் தட்டு வேணாம்."

பாய் கையை விடவில்லை.

"எப்பலேர்ந்து வேணாம்?"

"ரொம்ப நாளா."

அவர் கையை விட்டார். எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்தேன். அவருக்குக் கோபம் வந்தது. இருபது வருஷத்தில் அவர் என்னிடம் கோபப்பட்டது அன்றுதான். "ஏன்யா, வாய்ல இன்னா வெச்சிருந்த இத்தினி நாளா" என்றார். தன் மனைவி தன்னை எத்தனை தடவை கேட்டிருக்கிறாள் என்று சொன்னார். உங்கள் தோஸ்த்துக்கு நம் வீட்டுச் சமையல் என்றால் அத்தனை அருவருப்பா என்று கேட்பாளாம். அதெல்லாம் இல்லை, அது அவன் தாய்க்குக் கொடுத்த வாக்கு என்று இவர் சண்டை போடுவாராம். பேசி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட ஆரம்பித்தார். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

நகர்ந்து இடம் விட்டவன் டிரைவர்தான். அதுவும் எனக்கு உறுத்தியது. என் தோஸ்த்தின் தட்டில் இவன் யார் எனக்கு இடம் கொடுப்பது? ஆனாலும் உட்கார்ந்தேன்.

சோறு ஆறிப்போயிருந்தது. கத்திரிக்காயின் புளிப்பும் எள்ளும் நாக்கில் பட்டதும்தான் எத்தனை பசியோடு இருந்தேன் என்று தெரிந்தது. தலை நிமிராமல் என் பக்கத்துச் சோற்றை மட்டும் எடுத்துத் தின்றேன். கொஞ்ச நேரத்தில் பாயின் விரல்கள் மறுபடியும் சோற்றைக் கிளறின. நான் தின்பதை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். ஒரு துண்டை எடுத்தார். எலும்பு இருக்கிறதா என்று அமுக்கிப் பார்த்தார். டிரைவர் பக்கம் வைத்தார்.

ஒருமுறை வாயைத் திறந்தாயிற்று, இன்னொரு முறை திறப்பதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றிவிட்டது.

"எனக்கு எடுத்து வெக்க மாட்டீங்களா பாய்?"

அவர் கோபம் இன்னும் தணியவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவன் விருந்தாளி. ஒனக்குக் கை இல்ல?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் மேற்கே வண்டு இரைவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. கடலைக்காரப் பெண் கூடையை விட்டு எழுந்து நெற்றியில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். டீக்கடைக்காரன் ஓடினான். கொட்டகையிலிருந்து முதலாளி வெளியே வந்து நின்றார். மாமு, வந்துடுச்சு என்று சொல்லிவிட்டு டிரைவர் கையைக்கூடக் கழுவாமல் மைதானத்தின் நடுவுக்கு ஓடினான்.

தாம்பாளத்தில் பாயும் நானும் மட்டும் எதிரெதிராக இருந்தோம். சத்தம் பெரிதாகிக்கொண்டே வந்தது. பாய் அவசரமாக இரண்டு வாய் சாப்பிட்டார். டிரைவர் பக்கம் அவர் எடுத்து வைத்த அந்தத் துண்டு அப்படியே இருந்தது. நான் கையை நீட்டி அதை எடுத்துக்கொண்டேன்.